ஒரே வடிசாலை, இரண்டு பாட்டில்கள்: பர்பனை நேர்மையாக ஒப்பிடும் முறை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, ஒரே வடிசாலையில் பிறந்த இரண்டு பர்பன்களை, அதாவது மக்காச்சோளத்தை முதன்மையாகக் கொண்ட அமெரிக்க விஸ்கிகளை, அடுத்தடுத்து வைத்துச் சுவைத்தேன். ஒன்று வடிசாலையே தன் பெயரில் வெளியிட்டது. ஆல்கஹால் 50 சதவீதம். மற்றொன்று, அங்கே பீப்பாய்களை விலைக்கு வாங்கிய வேறொரு நிறுவனம் தன் லேபிளை ஒட்டி வெளியிட்டது, 58 சதவீதம். இரண்டாவதுதான் மேல் என்று குறிப்பேட்டில் உறுதியாக எழுதினேன். மணம் அடர்த்தி, சுவை நெடுநேரம் நிற்கிறது, தேர்ந்தெடுத்தவருக்கு நல்ல நாக்கு என்றெல்லாம் எழுதியிருந்தேன். மறுவாரம் அதில் தண்ணீர் சேர்த்து 50 சதவீதத்துக்கு இறக்கி, எந்தக் கோப்பையில் எது என்று தெரியாதபடி வீட்டில் ஒருவரை மாற்றி வைக்கச் சொன்னேன். நான் அவ்வளவு புகழ்ந்த விஸ்கியை என்னால் அடையாளம் காணவே முடியவில்லை. முதல் நாள் நான் பாராட்டியது எட்டு சதவீத ஆல்கஹாலைத்தான்.

அதன்பின் நான் பின்பற்றும் முறையை இங்கே முழுமையாக எழுதுகிறேன். வடிசாலையின் சொந்தப் பாட்டிலையும் வாங்கி அடைப்பவரின் பாட்டிலையும் ஒப்பிடும்போது எது சிறந்தது என்பது கடைசிக் கேள்வி. எது வடிப்பின் குணம், எது தேர்ந்தெடுத்தவரின் கைப்பக்குவம் என்று பிரித்தறிவதே முதல் வேலை. அந்தப் பிரிவினை நடக்காமல் சொல்லும் எந்தத் தீர்ப்பையும் நான் நம்புவதில்லை.

எதை எதோடு ஒப்பிடுகிறோம்

அமெரிக்கச் சட்டப்படி பர்பன் என்றால் தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். வடித்து வரும்போது 80 சதவீத ஆல்கஹாலைத் தாண்டக் கூடாது. பீப்பாய்க்குள் ஊற்றும்போது 62.5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. பீப்பாய் புதிய ஓக் மரத்தில் செய்யப்பட்டு உட்புறம் கருக்கப்பட்டிருக்க வேண்டும். பாட்டிலில் குறைந்தது 40 சதவீதம் இருக்க வேண்டும். ‘ஸ்ட்ரெய்ட்’ என்ற சொல் சேர்ந்தால் குறைந்தது இரண்டு ஆண்டு முதிர்ச்சி. நான்கு ஆண்டுக்குக் குறைந்தால் வயதை லேபிளில் அச்சிட்டாக வேண்டும். இந்த விதிகளுக்கு நம் ஒப்பீட்டில் ஒரு பெரும் பயன் உண்டு. ஸ்காட்ச் விஸ்கியில் பழைய ஷெர்ரி ஒயின் பீப்பாயா, பழைய பர்பன் பீப்பாயா என்பதே சுவையைத் தலைகீழாக மாற்றிவிடும். பர்பனில் எல்லோருக்கும் புதுப் பீப்பாய்தான். ஆகவே, மாறக்கூடியவை குறைவு. ஒப்பீடு தெளிவாக அமையும்.

ஸ்காட்லாந்தில் வாங்கி அடைப்பது கௌரவமான பழைய தொழில். கேடன்ஹெட் நிறுவனம் 1842-இலும், கார்டன் அண்ட் மக்ஃபெயில் 1895-இலும் தொடங்கின. பெரும்பாலும் எந்த வடிசாலை என்பதை அவர்கள் லேபிளிலேயே பெருமையாகப் போடுவார்கள். அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே வாங்கி அடைப்பவர்கள் பலர் தாங்களே வடித்ததுபோன்ற தோற்றத்தில், பாட்டன் பூட்டன் கதைகளோடு லேபிள் அச்சிட்டார்கள். விற்கும் வடிசாலையும் தன் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்று ஒப்பந்தம் போடுவது வழக்கம். அயோவா மாநிலத்தின் டெம்பிள்டன் ரை, உண்மையில் இண்டியானாவில் வடித்த விஸ்கி. அதை அயோவாவின் சரக்குபோல் விற்றதற்காக வழக்குகள் வந்து, 2015-இல் உடன்பாட்டில் முடிந்தன. ஆகவே, பர்பன் ஒப்பீடு நாக்கில் தொடங்குவதில்லை. லேபிளைப் படிப்பதில் தொடங்குகிறது.

முதல் படி: லேபிளை வக்கீல்போல் படியுங்கள்

முன்பக்கத்தில் இருப்பது விளம்பரம். பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கத்தின் பொடி எழுத்தைப் பாருங்கள். ‘வடித்தது’ என்று ஒரு நிறுவனத்தின் பெயர் இருந்தால் அது தெளிவான வாக்குமூலம். ‘தயாரித்தது’, ‘அடைத்தது’ என்று மட்டும் இருந்தால் வடித்தவர் வேறொருவராக இருக்கலாம். நிறுவனத்தின் முகவரி ஒரு மாநிலத்திலும் வடிப்பு வேறு மாநிலத்திலும் என்றால், வடித்த மாநிலத்தின் பெயரைப் போட்டே ஆக வேண்டும் என்று விதி இருக்கிறது. நெவாடா முகவரி, கீழே ‘இண்டியானாவில் வடிக்கப்பட்டது’ என்று ஒரு வரி. அந்த ஒரு வரியில் பாதிக் கதை வெளிவந்துவிடும்.

‘பாட்டில்ட் இன் பாண்ட்’ என்ற சொற்களைக் கண்டால் மகிழுங்கள். 1897-ஆம் ஆண்டுச் சட்டம் அது. ஒரே வடிசாலை, ஒரே பருவம், குறைந்தது நான்கு ஆண்டு, 50 சதவீத ஆல்கஹால். வடிசாலையின் பதிவு எண்ணும் லேபிளில் இருக்க வேண்டும். மாறாக, ‘ஸ்மால் பேட்ச்’ (சிறு தொகுதி), ‘சிங்கிள் பேரல்’ (ஒற்றைப் பீப்பாய்) ஆகிய சொற்களுக்குச் சட்ட வரையறை எதுவும் இல்லை. நேர்மையானவர்கள் நேர்மையாகப் பயன்படுத்துகிறார்கள், அவ்வளவுதான்.

இரண்டாம் படி: ஜோடி சேர்த்தல்

தொடங்குபவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் வடிசாலை ஒன்றே ஒன்று: இண்டியானா மாநிலத்தில் ஓஹியோ ஆற்றங்கரையில் இருக்கும் லாரன்ஸ்பர்க். 1847-இல் ராஸ்வில் என்ற பெயரில் தொடங்கிய இடம். 1933-இல் சீகிராம் என்ற மது நிறுவனத்தின் கைக்குப் போனது. 2011-இல் எம்ஜிபி நிறுவனம் வாங்கியது. 2021-இல் வடிசாலைக்கு ராஸ் அண்ட் ஸ்குயிப் என்று பெயர் மாறியது. அமெரிக்காவின் எத்தனையோ லேபிள்களுக்குப் பின்னால் இருப்பது இந்த ஊரின் வடிப்புதான். பல ஆண்டுகள் பிறருக்கு விற்றபின் தன் சொந்தப் பெயரிலும் விற்கத் தொடங்கியது. அப்படி வந்த பர்பன் ஜார்ஜ் ரீமஸ். அமெரிக்க மதுவிலக்குக் காலத்தில் சின்சினாட்டியில் கள்ளச் சரக்கு வணிகத்தில் கொடிகட்டிப் பறந்த வழக்கறிஞரின் பெயர் அது.

லாரன்ஸ்பர்க்கை நான் சொல்லக் காரணம், அதன் தானியக் கலவைகள் வெளிப்படையாகத் தெரிந்தவை. ஒன்று 75 சதவீத மக்காச்சோளம், 21 சதவீத ரை (கோதுமையைப் போன்ற ஒரு தானியம்), 4 சதவீத முளைகட்டிய பார்லி. மற்றொன்று 60, 36, 4. கோதுமை சேர்ந்த பர்பனும் உண்டு. 95 சதவீத ரையும் 5 சதவீத பார்லியும் கொண்ட புகழ்பெற்ற ரை விஸ்கியும் இங்கிருந்துதான் வருகிறது. அந்த ரையில் சதகுப்பையின் மணம் எழும். ஒருமுறை அறிந்துகொண்டால் எந்த லேபிளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தாலும் தெரிந்துவிடும்.

வடிசாலை தரப்பில் ரீமஸ் ரிப்பீல் ரிசர்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் வரும் இந்தப் பாட்டில், எந்த ஆண்டு வடிப்பு, எந்தக் கலவை, எத்தனை சதவீதம் என்று அறிவித்துவிடுகிறது. ஒப்பிடுபவருக்கு இதைவிட என்ன வேண்டும்? வாங்கி அடைப்பவர் தரப்பில், இண்டியானா வடிப்பு என்று வெளிப்படையாகச் சொல்லும் பாட்டிலைத் தேடுங்கள். மேற்கு வர்ஜீனியாவின் ஸ்மூத் ஆம்ப்ளர், பிற இடங்களில் தேடிக் கண்டெடுத்த பீப்பாய்களுக்கு ‘ஓல்ட் ஸ்கவுட்’ என்றே பெயர் வைத்தது. தேடிக் கண்டுபிடித்தது என்று பெயரிலேயே ஒப்புக்கொள்ளும் அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

ஜோடி சேர்க்கும்போது மூன்றைப் பாருங்கள். வயது இரண்டு ஆண்டுக்கு மேல் வேறுபடக் கூடாது. தானியக் கலவை ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு கலவைகள் சேர்ந்த ரீமஸுக்கு எதிரே 36 சதவீத ரையில் வந்த தனிப் பீப்பாயை நிறுத்தினால், ரையின் காரத்தைத் தேர்ந்தெடுத்தவரின் திறமை என்று தவறாக எண்ணிவிடுவீர்கள். மூன்றாவதாக, போர்ட் ஒயின், ரம், காக்னாக் பிராந்தி பீப்பாய்களில் மறுபடி ஊறவைத்த பாட்டில்களை முற்றிலும் ஒதுக்குங்கள். அவை நன்றாக இருக்கலாம். ஆனால் இந்தச் சோதனையில் பழைய பீப்பாய்தான் பேசும், வடிப்பு பேசாது.

உரிமையாளர் யார் என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பெனலோப்பி என்ற பெயர் எம்ஜிபியின் வடிப்பை வாங்கி அடைத்து வளர்ந்தது; 2023-இல் அந்தப் பெயரையே எம்ஜிபி வாங்கிவிட்டது. நேற்று வாங்கி அடைத்தவர் இன்று வடிசாலையின் வீட்டுப்பிள்ளை ஆகியிருக்கலாம்.

மூன்றாம் படி: செறிவைச் சமன் செய்யுங்கள்

இந்தப் படியை விட்டால் மற்றவை அனைத்தும் வீண். நான் முதலில் சறுக்கிய இடமும் இதுதான்.

வடிசாலை தன் பாட்டிலைப் பெரும்பாலும் தண்ணீர் சேர்த்து 45, 50 என்று ஒரு நிலைக்குக் கொண்டுவந்து வெளியிடும். வாங்கி அடைப்பவர் பீப்பாயிலிருந்து வந்த செறிவிலேயே அடைக்க விரும்புவார்; 55 முதல் 62 வரை சாதாரணம். ஆல்கஹால் கூடினால் மணப்பொருள்கள் கூடுதலாகக் கரைந்து நிற்கின்றன, இனிப்பு தடிப்பாகத் தோன்றுகிறது, எரிச்சல் நாவில் நெடுநேரம் நிற்கிறது. அந்த எரிச்சலை ‘சுவை நீண்டு நிற்கிறது’ என்று நாம் எழுதிவிடுகிறோம்.

கணக்கு எளிது. விஸ்கியின் அளவை இருக்கும் சதவீதத்தால் பெருக்கி, வேண்டிய சதவீதத்தால் வகுத்து, முதல் அளவைக் கழித்தால் சேர்க்க வேண்டிய தண்ணீர் கிடைக்கும். 60 மில்லி விஸ்கி, 58 சதவீதம், 50-க்கு இறக்க வேண்டும். 60 பெருக்கல் 58 வகுத்தல் 50 என்றால் 69.6. ஆகவே 9.6 மில்லி தண்ணீர். ஆல்கஹாலும் தண்ணீரும் கலக்கும்போது மொத்த அளவு சிறிது சுருங்கும். இந்த அளவுகளில் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் ஊசியில்லாத சிரிஞ்ச் போதும். தண்ணீர் உப்புக் குறைந்ததாக, அறை வெப்பத்தில் இருக்கட்டும். கடினமான கிணற்று நீர் ஓக்கின் துவர்ப்பை வேறு மாதிரி காட்டிவிடும். கலந்த உடனே சுவைக்காதீர்கள். மூடி வைத்துக் குறைந்தது இருபது நிமிடம் விடுங்கள். கலந்த புதிதில் மணம் கலைந்து, தண்ணீர் தனியாக நிற்பதுபோல் தோன்றும்.

எந்த நிலைக்கு இறக்குவது? இரண்டில் குறைந்த செறிவுடைய பாட்டிலின் நிலைக்கு. அது 50 என்றால் நல்லது. குளிரூட்டி வடிகட்டாத விஸ்கி ஏறக்குறைய 46 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது, குறிப்பாகக் குளிர்ந்தால், மங்கலாகும். கொழுப்பு அமிலங்களின் எஸ்டர்கள் கரைசலிலிருந்து பிரிவதால் வருவது அது. கெடுதல் ஒன்றுமில்லை, ஆனால் மங்கல் கண்ணில் பட்ட நொடியில் எந்தக் கோப்பை எது என்ற ரகசியம் போய்விடும்.

நான்காம் படி: மேசை

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாய் குறுகிய ஒரே மாதிரிக் கோப்பைகள். ஊதுவத்தி, சமையல் தாளிப்பு, வாசனைத் தைலம் எதுவும் அருகில் வேண்டாம். காபி குடித்து ஒரு மணி நேரமாவது கழியட்டும். இரண்டு பாட்டில்களும் ஏறக்குறைய ஒரே நாளில் திறந்தவையாகவும் ஒரே அளவு மீதமுள்ளவையாகவும் இருக்க வேண்டும். பாதிக் காலியாகி ஆறு மாதம் நின்ற பாட்டிலை நேற்றுத் திறந்ததோடு நிறுத்துவது அநியாயம். கையருகே ஒரு துப்பும் பாத்திரம் வையுங்கள். பர்பன் கடுமையான மது; நான்காவது மிடறுக்குப் பின் நாக்கு பொய் சொல்லத் தொடங்கிவிடும். அன்று வண்டி ஓட்டும் வேலை எதுவும் இருக்கக் கூடாது.

ஐந்தாம் படி: முக்கோணச் சோதனை

இரண்டு கோப்பையை மாற்றி வைத்து ‘எது எது’ என்று கேட்பது போதாது. கண்ணை மூடிச் சொன்னாலும் பாதி சரியாகிவிடும். உணவு ஆய்வுக்கூடங்கள் பயன்படுத்தும் முக்கோண முறையை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று கோப்பைகள். இரண்டில் ஒரே விஸ்கி, ஒன்றில் மட்டும் மற்றது. உங்கள் வேலை தனித்து நிற்பதைக் காட்டுவது மட்டுமே. பிடித்ததா இல்லையா என்ற பேச்சே வேண்டாம்.

ஊற்றுபவர் வேறொருவராக இருக்க வேண்டும். அவர் ஊற்றிவிட்டு அறையைவிட்டுப் போய்விடுவது நல்லது. முகமும் ரகசியத்தைக் காட்டிக்கொடுக்கும். கோப்பையின் அடியில் குறியிடச் சொல்லுங்கள். நிறம் வேறுபட்டால் விளக்கைத் தணித்துக்கொள்ளுங்கள், அல்லது கண்ணைக் கட்டிக்கொள்ளுங்கள்.

கோப்பைக்கு 5 மில்லி. ஒரு மாலையில் இரண்டு சுற்று, மூன்று மாலைகளில் ஆறு சுற்று. அதில் மூன்று சுற்றுகளில் வடிசாலைப் பாட்டில் தனித்து நிற்கட்டும், மூன்றில் மற்றது. தற்செயலாகச் சொன்னால் ஒவ்வொரு சுற்றிலும் சரியாகும் வாய்ப்பு மூன்றில் ஒன்று. ஆறில் ஐந்தோ ஆறோ தற்செயலாகச் சரியாவதற்கான வாய்ப்பு 729-க்கு 13 மட்டுமே, அதாவது இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே, ஐந்து சரி என்றால் வேறுபாடு உண்மை என்று எடுத்துக்கொள்ளலாம். நான்கு என்றால் இன்னொரு நாள் மீண்டும் செய்யுங்கள். மூன்றோ அதற்குக் கீழோ என்றால், உங்கள் நாவுக்கு இரண்டும் ஒன்றே. அதை மனதார ஏற்றுக்கொள்ளுங்கள். இதில் தோல்வி எதுவும் இல்லை. ஒரு வடிசாலையின் குணம் இரண்டு கைகளிலும் மாறாமல் வந்திருக்கிறது என்பதும் பெரிய கண்டுபிடிப்புதான்.

ஆறாம் படி: வேறுபாடு எங்கிருந்து வந்தது

ஐந்து சரியானவர்களுக்கே இந்தப் படி. இப்போதுதான் குறிப்பேட்டைத் திறக்க வேண்டும். ‘கேரமல், வெனிலா’ என்று எழுதாதீர்கள். கருக்கிய புது ஓக்கில் கிடந்த எந்த பர்பனிலும் அவை இருக்கும். நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் சொற்கள் இதற்கு மிகவும் நல்லவை. பாகு வெல்லமா, கருப்பட்டியா? கிராம்பா, பட்டையா, இடித்த கொத்தமல்லி விதையா? வறுத்த வேர்க்கடலையா, பச்சைச் சோளக்கதிரா?

பிறகு, வேறுபாட்டை அதன் ஊற்றுக்குக் கொண்டுபோங்கள். ஒன்றில் துவர்ப்பும் மரமும் கூடுதலாக இருந்தால் பெரும்பாலும் வயதோ கிடங்கோ காரணம். பலமாடிக் கிடங்கின் மேல் தளத்தில் வெப்பம் கூட. விஸ்கி மரத்துக்குள் ஆழமாகப் போய் வரும். வறண்ட காற்றில் வைத்த பீப்பாயில் தண்ணீர் வேகமாக வெளியேறிச் செறிவு ஏறும். பீப்பாயை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோய் மேலும் சில ஆண்டு வைத்திருந்தார்களா என்று விசாரியுங்கள். காரமும் மசாலாவும் வேறுபட்டால் ரையின் அளவைச் சந்தேகியுங்கள். வாயில் எண்ணெய்த்தன்மை, கனம் இவை வேறுபட்டால் வடிகட்டலைப் பாருங்கள். குளிரூட்டி வடிகட்டும்போது முதலில் போவது அதுதான்.

இவை எதற்கும் அடங்காமல் மிச்சம் ஒன்று நின்றால், அதற்குத்தான் கைப்பக்குவம் என்று பெயர். ஒரு பீப்பாயில் ஏறக்குறைய 200 லிட்டர். வடிசாலை தன் பெரும் விற்பனைப் பாட்டிலுக்கு ஏராளமான பீப்பாய்களைச் சேர்த்து, ஆண்டுக்கு ஆண்டு ஒரே சுவை வர வேண்டும் என்று பாடுபடுகிறது. ஒன்றிரண்டு பீப்பாய் வாங்குபவருக்கு அந்தப் பாரம் இல்லை. விசித்திரமான பீப்பாயைத் தைரியமாக எடுக்கலாம். என் அனுபவத்தில் வாங்கி அடைப்பவரின் பாட்டில்களில் ஏற்றமும் அதிகம், இறக்கமும் அதிகம். ஒருமுறை சொக்கவைத்த அதே லேபிள் அடுத்த முறை வெறும் மரப்பலகையாக வரும். வடிசாலைப் பாட்டில் எனக்கு அப்படி ஏமாற்றம் தந்தது குறைவு. அந்த ஒழுங்கைச் சலிப்பு என்று பேசுபவர்களோடு நான் உடன்படுவதில்லை. பல பீப்பாய்களை ஒரே குரலில் பேசவைப்பது, ஒரு நல்ல பீப்பாயைத் தேர்ந்தெடுப்பதைவிட அரிய கலை.

லாரன்ஸ்பர்க்குக்கு அப்பால்

டென்னசியின் டல்லஹோமா அருகே ஜார்ஜ் டிக்கல் வடிசாலை இருக்கிறது. 84 சதவீத மக்காச்சோளம், 8 ரை, 8 பார்லி. 2019 முதல் பாட்டில்ட் இன் பாண்ட் வரிசையும் வருகிறது. முதல் வெளியீடு 13 ஆண்டு முதிர்ந்தது. இதன் விஸ்கியில் குழந்தைகள் மெல்லும் வைட்டமின் மாத்திரையின் சுவை தெரிகிறது என்று ரசிகர்கள் சொல்வதுண்டு; எனக்கும் அப்படியே தெரிகிறது. டென்னசியில் வடித்தது என்று மட்டும் சொல்லி வரும் முதிர்ந்த பாட்டில்களில் அந்தச் சுவை வருகிறதா என்று தேடுவது நல்ல பயிற்சி. கென்டக்கியின் ஹெவன் ஹில் வடிப்பு இன்னொரு வழி. சொந்தப் பாட்டிலுக்கு எலைஜா கிரெய்க் பேரல் புரூஃப். ஆண்டுக்கு மூன்று வெளியீடு, எல்லாம் பீப்பாய்ச் செறிவில். இங்கே இரண்டு தரப்பும் உயர்ந்த செறிவில் இருக்கும். சமன் செய்யும்போது இரண்டிலுமே தண்ணீர் சேர்க்க நேரலாம்.

கடைசிப் படி: மீண்டும் அசல் செறிவில்

சோதனை முடிந்தபின் இரண்டையும் பாட்டிலில் வந்தபடியே ஒருமுறை சுவையுங்கள். எந்தச் செறிவில் அடைப்பது என்பதும் அடைத்தவர் எடுத்த முடிவுதானே. அதை எப்போதும் தண்ணீரால் மறைத்துவிடுவது முறையல்ல. ஆனால் இப்போது உங்களுக்கு அந்தச் செறிவு எவ்வளவு வேலை செய்கிறது என்று தெரியும். வாங்கும்போது விலைக் கணக்கையும் அதே அறிவோடு போடுங்கள். 750 மில்லி கொண்ட 58 சதவீதப் பாட்டிலை 50-க்கு இறக்கினால் 870 மில்லி ஆகும். விலை கூடுதலாகத் தெரியும் அந்தப் பாட்டிலில், எதிரே இருப்பதைவிட 120 மில்லி அதிகம் இருக்கிறது.